விழும்போதும் அளந்து பேசும் கர்னல்

00100104 என்பது ஒரு நினைவக முகவரி. அதற்குச் சற்றுக் கீழே 0002 என்று இன்னோர் எண். 32 பிட் கணினியில் ஓடிய பழைய லினக்ஸ் கர்னல் இடறி விழுந்தபோது அச்சிட்ட முப்பது, நாற்பது வரிகளில் இந்த இரண்டை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் அழித்துவிடுங்கள். பழகிய வாசகர் அப்போதும் நடந்ததைச் சொல்லிவிடுவார்: ‘பட்டியலிலிருந்து முன்பே எடுத்துவிட்ட ஒன்றை யாரோ இரண்டாம் முறை எடுக்கப் போயிருக்கிறார்கள்.’

எப்படி? கர்னலுக்குள் பொருள்கள் பட்டியல் பட்டியலாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் அடுத்தவர் முகவரிக்கு 4 பைட், முந்தியவர் முகவரிக்கு 4 பைட். ஓர் உறுப்பைக் கழற்றியதும் அந்த இரண்டு கட்டங்களையும் கர்னல் அப்படியே விடுவதில்லை, பூஜ்யமாக்குவதும் இல்லை. ‘அடுத்தவர்’ இருந்த கட்டத்தில் 00100100 என்றும், ‘முந்தியவர்’ இருந்த கட்டத்தில் 00200200 என்றும் எழுதிவைக்கிறது. கர்னல்காரர்கள் இவற்றை விஷம் என்றே அழைக்கிறார்கள். வழக்கமாக எதுவும் குடியிராத முகவரிகள் இவை. தொட்டவர் தொட்ட இடத்திலேயே விழவேண்டும் என்பதுதான் நோக்கம். இப்போது, கழற்றிய உறுப்பை மறுபடியும் கழற்றச் சொல்லி ஒரு கட்டளை வருகிறது. கழற்றுவதில் முதல் வேலை, அடுத்தவரிடம் போய் அவருடைய ‘முந்தியவர்’ கட்டத்தைத் திருத்துவது. அடுத்தவரின் முகவரியோ 00100100. அவருடைய ‘முந்தியவர்’ கட்டம் அங்கிருந்து 4 பைட் தள்ளி. ஆக, 00100104.

0002 இதை உறுதிப்படுத்துகிறது. இன்டெல் வகைச் செயலி, நினைவகத்தை அணுக முடியாமல் போகும்போது கொடுக்கும் பிழைக்குறி அது. அதன் கடைசி பிட் 0: அங்கே நினைவகப் பக்கமே இல்லை. அதற்கு முந்திய பிட் 1: வாசிக்கப் போகவில்லை, எழுதப் போனது. அதற்கும் முந்தியது 0: போனது பயனரின் நிரல் அல்ல, கர்னலே. இல்லாத இடத்தில் கர்னல் எழுதப் போனது என்பது கழற்றும் செயலுக்கு அச்சாகப் பொருந்துகிறது. இதே விஷம் 00100100 என்று முழுதாகத் தெரிந்து, பிழைக்குறி 0000 ஆக இருந்தால் கதை வேறு. பட்டியலில் ஒவ்வொருவராகக் கடந்து நடந்துகொண்டிருந்தவரின் காலடியில் இருந்த உறுப்பை வேறு யாரோ உருவிவிட்டார்கள். கடைசி இலக்கம் 4 என்பதிலிருந்து 0 ஆனால், குற்றமே மாறிவிடுகிறது.

இந்த அறிக்கைக்குக் கர்னல் உலகில் ‘ஊப்ஸ்’ என்று பெயர். முதல் பார்வைக்கு எண்களைக் கொட்டிக் கவிழ்த்தது போலத்தான் இருக்கும். நின்று வாசித்தால், இவ்வளவு கட்டுப்பாட்டோடு எழுதப்பட்ட தொழில்நுட்ப உரைநடை அரிது என்று தோன்றும். எழுதுகிற கர்னல் அந்த நொடியில் தன் நினைவகத்தையே நம்ப முடியாத நிலையில் இருக்கிறது. இருந்தும், உறுதியாகத் தெரிந்தது எது, ஊகித்தது எது, தெரியாதது எது என்று பிரித்துச் சொல்கிறது. ஊப்ஸின் நயம் முழுவதும் இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது.

முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். பூஜ்யச் சுட்டியைத் தொட்டதாக அது சில சமயம் சொல்லும்; சில சமயம் ‘இந்த முகவரிக்கான பக்கத்தைத் தர முடியவில்லை’ என்று மட்டும் சொல்லும். இரண்டையும் பிரிக்கும் கோடு மிக எளியது. முகவரி 4096-க்குக் கீழே, அதாவது நினைவகத்தின் முதல் பக்கத்துக்குள் இருந்தால் பூஜ்யச் சுட்டி. அதற்கு மேலே இருந்தால் மற்றது. பூஜ்யச் சுட்டி என்றால் முகவரி ஏன் பூஜ்யமாக இல்லை என்று கேட்கலாம். முகவரி 18 என்று இருக்கிறது என்று வையுங்கள். பதினாறடிமான 18, நம் கணக்கில் 24. எதையும் சுட்டாத ஒரு சுட்டியை நம்பி, அது சுட்டுவதாக எண்ணிய பொருளின் 24-ஆவது பைட்டில் உள்ள உறுப்பைக் கர்னல் கேட்டிருக்கிறது. எந்த வகைப் பொருளில் 24-ஆவது பைட்டில் என்ன இருக்கிறது என்பதை ‘பாஹோல்’ என்ற கருவி வரிசைப்படுத்திக் காட்டும். ஆக, 18 என்ற ஒற்றை எண், பூஜ்யமாக இருந்த சுட்டி எது என்பதையும் அதன் வழியாக எதைத் தேடினார்கள் என்பதையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் இந்த வரி ஒரு தீர்ப்பல்ல, ஓர் ஊகம். சிறிய முகவரி எல்லாமே பூஜ்யச் சுட்டியிலிருந்து பிறந்தவை அல்ல. 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் புதுப்பிப்பு ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. வெளியே வந்த ஓர் அறிக்கையில் முகவரி 9சி என்று இருந்ததைப் பார்த்தவுடன், ‘பூஜ்யச் சுட்டியைச் சோதிக்க மறந்துவிட்டார்கள்’ என்ற தீர்ப்பு உலகம் முழுவதும் பரவிவிட்டது. பிறகு மைக்ரோசாஃப்ட் தன்னிடம் வந்த அறிக்கைகளை அலசி ஒன்றை வெளியிட்டது. அதில் விழுந்த கட்டளைக்குச் சற்று முன்பே சுட்டி பூஜ்யமா என்று சோதிக்கும் கட்டளை தெளிவாக நிற்கிறது. சுட்டியிலிருந்த மதிப்போ, மேற்பாதி மெய்யான கர்னல் முகவரி போலவும் கீழ்ப்பாதி வெறும் 74 ஆகவும் இருக்கிறது. அது பூஜ்யம் அல்ல, குப்பை. 20 உள்ளீடுகளே தரப்பட்ட இடத்தில் நிரல் 21-ஆவதை வாசிக்கப் போய், எல்லைக்கு வெளியே கிடந்ததை முகவரி என்று நம்பியிருக்கிறது. சோதனை இருந்தது, சோதித்த கேள்விதான் போதவில்லை. எண் சிறியது என்ற ஒன்றை வைத்துத் தீர்ப்பு எழுதியவர்கள், அறிக்கை சொல்லாததையும் சேர்த்துப் படித்தார்கள்.

அடுத்து, விழுந்த இடம். ஃபங்ஷனின் பெயர், அதன் பின்னால் ‘+24/90’ போன்ற ஒரு குறிப்பு. ஃபங்ஷனின் தொடக்கத்திலிருந்து 24-ஆவது பைட், ஃபங்ஷனின் மொத்த நீளம் 90 பைட், இரண்டும் பதினாறடிமானத்தில். இடம் சொல்ல முதல் எண் போதுமே, நீளம் எதற்கு? ஒரே ஃபங்ஷன் வேறு கம்பைலரிலோ வேறு அமைப்பிலோ உருவாகும்போது அதன் நீளம் மாறும். உங்கள் மேஜையில் இருக்கும் கர்னலில் அதே ஃபங்ஷன் 90-க்குப் பதில் 84 பைட் என்றால், 24-ஆவது பைட்டில் நீங்கள் பார்க்கும் கட்டளை, விழுந்தவர் கணினியில் இருந்த கட்டளை அல்ல. ‘என்னை உன் பிரதியோடு ஒப்பிடும் முன் இருவரும் ஒன்றா என்று பார்த்துக்கொள்’ என்ற எச்சரிக்கை அந்த இரண்டாம் எண். 2.6 பதிப்புக்கு முந்தைய காலத்தில் கர்னல் இந்தப் பெயர்களையே சொல்லாது, வெறும் முகவரிகளைத்தான் தரும். ‘கேசிம்ஊப்ஸ்’ என்ற தனிக் கருவி, பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு அவற்றைப் பெயர்களாக்கும். வேறு கர்னலின் பட்டியலைக் கொடுத்துவிட்டால் முழுத் தன்னம்பிக்கையோடு தவறான பெயர்களைத் தரும். அந்த ஏமாற்றங்களுக்குப் பிறகுதான் கர்னல் தன் பெயர்ப் பட்டியலைத் தன்னோடேயே சுமக்கத் தொடங்கியது.

அழைப்புத் தடம் இன்னும் சுவையானது. யார் யாரை அழைத்து இந்த இடத்துக்கு வந்தோம் என்ற வரிசை அது. அழைப்புகளைக் குறித்துவைக்கும் ஸ்டாக்கில் கிடக்கும் முகவரிகள் உண்மையில் ‘எங்கிருந்து வந்தாய்’ என்பதைச் சொல்பவை அல்ல. ‘முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும்’ என்பதைச் சொல்பவை. அழைத்த கட்டளைக்கு அடுத்த கட்டளையின் முகவரி அது. பெரும்பாலும் இதனால் தொல்லை இல்லை. ஆனால் அழைக்கப்பட்ட ஃபங்ஷன் ஒருபோதும் திரும்பாத வகை என்றால், அந்த அழைப்பே ஃபங்ஷனின் கடைசிக் கட்டளையாக இருக்கக்கூடும். அப்போது அடுத்த கட்டளை என்பது அதற்குப் பின்னால் தற்செயலாக வைக்கப்பட்ட, சம்பந்தமே இல்லாத ஃபங்ஷனின் தொடக்கம். அழைக்காதவர் பெயர் தடத்தில் ஏறிவிடும். இதைத் தவிர்க்கவே தடம் அச்சிடும்போது மட்டும் கர்னல் முகவரியில் ஒன்றைக் கழித்துவிட்டுப் பெயரைத் தேடுகிறது. நிரபராதி ஒருவரின் பெயர் வராமலிருக்க ஒரு பைட் பின்வாங்கிப் பார்க்கிறது.

தடத்தில் சில பெயர்களுக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி நிற்கும். ஸ்டாக்கை முறையாக அவிழ்த்து உறுதிசெய்த பெயர்களுக்கு அது கிடையாது. ஸ்டாக்கில் கிடந்தது, பார்த்தால் கர்னல் நிரலின் முகவரி போல இருக்கிறது, ஆனால் இந்த அழைப்புச் சங்கிலியில் அதற்கு இடம் உண்டா என்று நிறுவ முடியவில்லை. அத்தகைய பெயர்களுக்குத்தான் கேள்விக்குறி. பெரும்பாலும் அவை முன்பு ஓடி முடிந்த அழைப்புகள் விட்டுச்சென்ற எச்சங்கள். அப்படியானால் நீக்கிவிடலாமே? அங்கேதான் இதன் பக்குவம் தெரிகிறது. விழுந்த கர்னலின் ஸ்டாக்கே சிதைந்திருக்கலாம். அவிழ்க்கும் முறையே தடம் மாறியிருக்கலாம். அப்போது உறுதி என்று நினைத்தது தவறாகி, கேள்விக்குறிக்குள் இருப்பதே உண்மையாக இருக்கக்கூடும். ஆகவே கர்னல் ஐயத்தை மறைக்கவும் இல்லை, ஐயத்துக்குரியதை எறியவும் இல்லை. குறியிட்டு வாசகரிடம் தருகிறது.

விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள இயந்திரக் கட்டளைகளும் ஒரு வரியாக வருகின்றன. மொத்தம் 64 பைட். விழுந்த கட்டளை தொடங்கும் பைட் மட்டும் கோண அடைப்புக்குள். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. இன்டெல் வகைச் செயலியில் ஒரு கட்டளை 1 பைட்டாகவும் இருக்கலாம், 15 பைட்டாகவும் இருக்கலாம். அடைப்புக்குறியிலிருந்து முன்னோக்கி வாசித்தால் எல்லாம் சரியாகப் பிரியும், ஏனெனில் அது ஒரு கட்டளையின் தொடக்கம் என்பது உறுதி. வரியின் முதல் பைட்டோ ஏதோ ஒரு கட்டளையின் நடுவில் வெட்டுப்பட்டதாக இருக்கலாம். அங்கிருந்து பிரித்துக்கொண்டு வந்தால் சில கட்டளைகள் பொய்யாகத் தெரியும். ஒரே வரியில் வலப்பக்கம் உறுதி, இடப்பக்கம் ஐயம். அடைப்புக்குள் 0எஃப் 0பி என்று தொடங்கினால் இது விபத்தே அல்ல. இப்படி ஒரு நிலை வரக்கூடாது என்று நிரலாளர் கருதிய இடத்தில், வந்தால் விழட்டும் என்று வேண்டுமென்றே வைத்த செல்லாத கட்டளை அது.

செயலியின் ரெஜிஸ்டர்களைக் காட்டும் வரிசையில் கண் தேடுவது எண்களின் உருவத்தை. பிழை தேடுவதற்கான சோதனைகளை இயக்கிய கர்னல், விடுவித்த நினைவகத்தை 6பி என்ற பைட்டால் நிரப்பிவைக்கும். ஒதுக்கியும் இன்னும் எதுவும் எழுதப்படாததை 5ஏ என்ற பைட்டால். ரெஜிஸ்டர் ஒன்றில் 6பி 6பி 6பி 6பி என்று எட்டு முறை அடுக்கி நின்றால் கணக்குப் போடவே வேண்டாம். திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை யாரோ இன்னும் தன்னுடையது என்று பயன்படுத்துகிறார்கள்.

64 பிட் கணினிகளில் பட்டியல் விஷத்தின் முகவரி, செயலி ஏற்கவே ஏற்காத வரம்புக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தொட்டால் வேறு வகைப் பிழை எழும். அந்தப் பிழை எழும்போது எந்த முகவரியைத் தொட்டோம் என்று செயலி சொல்லாது. நெடுநாள் இந்த வகை அறிக்கைகள் முகவரி இல்லாமலே வந்தன. பின்னாளில் கர்னல், விழுந்த கட்டளையைத் தானே பிரித்துப் பார்த்து முகவரியைக் கணக்கிடக் கற்றுக்கொண்டது. கணக்கிட்டது ஏற்கமுடியாத வரம்புக்குள் இருந்தால் ‘பெரும்பாலும் இந்த முகவரி’ என்று அச்சிடுகிறது. இயல்பான வரம்புக்குள் இருந்தால் ‘ஒருவேளை இந்த முகவரி’ என்று. முன்னதில் முகவரியே பிழைக்குக் காரணமாகப் பொருந்துகிறது. பின்னதில் பொருந்தவில்லை, வேறு காரணமும் இருக்கலாம். உயிர் போகும் நேரத்திலும் ஐயத்துக்கு இரண்டு படிநிலைகள் வைத்திருக்கிறது இந்த நிரல்!

தன்னைப் பற்றியும் அது அடக்கி வாசிப்பதில்லை. சதுர அடைப்புக்குள் #1 என்று இருந்தால் கணினி இயங்கத் தொடங்கியபின் இதுவே முதல் விழுகை. #2, #3 என்றால் முதல் விழுகையில் சிதைந்தவற்றின் மேல் நடந்தது. முதலாவதைத் தேடிப் போங்கள். அருகில் கறைக்குறிகள். மூலநிரல் திறக்கப்படாத டிரைவர் ஏறியிருந்தால் ‘பி’, கர்னல் தொகுப்புக்கு வெளியே உருவான டிரைவர் என்றால் ‘ஓ’, வன்பொருள் தன் பிழையைத் தானே அறிவித்திருந்தால் ‘எம்’, முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருந்தால் ‘டபிள்யூ’, முன்பே விழுந்திருந்தால் ‘டி’. சாட்சி சொல்லும்முன் தன் நம்பகத்தின் குறைகளைத் தானே முன்வைக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் புதிய வாசகரை அது வழிதவற விடும். அப்போது ஓடிக்கொண்டிருந்த நிரலின் பெயர் அறிக்கையில் வரும். அது குற்றவாளியின் பெயர் என்று நினைத்து உலாவியைத் திட்டுவோர் உண்டு. எங்கிருந்தோ வந்த வன்பொருள் குறுக்கீட்டின் நடுவே விழுந்திருந்தால், அந்த நிரல் அந்தச் சமயம் செயலியில் இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு பங்கு கிடையாது.

இதுவரை ஓர் அறிக்கையின் நயம். ஆயிரக்கணக்கில் குவியும்போது வாசிப்பு வேறாகிறது. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டே பாடம் தேர்ந்தார். ஒரு சுவடியில் மட்டும் இருக்கும் விசித்திரம் எழுதியவர் கைப்பிழையாக இருக்கலாம். எல்லாவற்றிலும் ஒரேபோல் வருவது வேறு. லினக்ஸில் அந்தப் பதிப்புவேலையைத் தொடங்கியவர், அப்போது இன்டெல்லில் இருந்த அர்யன் வான் டே வென். 2007–08 வாக்கில் ‘கர்னல்ஊப்ஸ்’ என்ற சிறு நிரல் ஃபெடோரா போன்ற வெளியீடுகளோடு வந்தது. கர்னலின் பதிவில் ஊப்ஸ் தென்பட்டால், பயனரின் சம்மதம் பெற்று மைய இடத்துக்கு அனுப்பும். அதற்காக அறிக்கையின் வடிவமே மெருகேறியது. அறிக்கை இங்கே முடிகிறது என்று காட்டும் கடைசி வரி ஒன்று சேர்ந்தது. அதில் அப்போது ஒரு சீரற்ற எண்ணும் இருந்தது. ஒரே விழுகை இருமுறை வந்து சேர்ந்தால் அந்த எண் காட்டிக்கொடுத்தது.

குவியலை எப்படிப் பிரிப்பது? விழுந்த ஃபங்ஷனின் பெயரை வைத்து என்றால் இரண்டு வகையில் ஏமாறலாம். பைட்டுகளை நகலெடுக்கும் ஃபங்ஷன் போன்ற பொதுப் பணியாளர்களின் வாசலில் நூறு வெவ்வேறு பிழைகள் ஒரே பெயரில் வந்து நிற்கும். மாறாக, பிறர் நினைவகத்தில் கைவைக்கும் ஒரே ஒரு டிரைவர், நூறு வெவ்வேறு ஃபங்ஷன்களை விழவைத்து நூறு பிழைகள் போலத் தோற்றமளிக்கும். மைக்ரோசாஃப்டின் பிழையறிக்கை அமைப்பைக் கட்டியவர்கள் தங்கள் பத்தாண்டு அனுபவத்தை 2009-இல் ஓர் ஆய்வுக்கட்டுரையாக எழுதினார்கள். நூறு கோடிக் கணினிகளிலிருந்து வரும் அறிக்கைகளை வாளி வாளியாகப் பிரிப்பதும், ஒரு பிழைக்கு ஒரு வாளி என்ற இலக்கை நெருங்குவதும்தான் அதன் மையச் சிக்கல். பிரித்துவிட்டால் பலன் பெரிது. விழுகைகளில் பாதிக்குக் காரணம் நூற்றில் ஒரு பங்குப் பிழைகள்தான் என்று 2002-இல் வியந்து எழுதினார் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர்.

எந்த வாளிக்கும் ஒட்டாத தனி அறிக்கைகளில்தான் விசித்திரங்கள் இருக்கின்றன. விண்டோஸ் நிரலாளர் ரேமண்ட் சென் 2005-இல் எழுதிய ஒன்று என்றும் மறக்காது. ஒரு ரெஜிஸ்டரை வெறுமனே பூஜ்யமாக்கும் கட்டளையில் கணினிகள் விழுந்திருந்தன. நினைவகத்தைத் தொடாத, தோற்கவே வழியில்லாத கட்டளை அது. விசாரித்தால், செயலியை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டியிருந்தார்கள். சிலருக்குத் தாம் வாங்கிய கணினி அப்படிப்பட்டது என்பதே தெரியாது. 2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பத்து லட்சம் தனிநபர் கணினிகளின் அறிக்கைகளை இந்தக் கண்ணோடு பார்த்தார்கள். கர்னலின் நிரல் எப்படி இருக்கவேண்டும் என்பது முன்பே தெரியும். விழுந்த கணினியின் நினைவகத்தில் அதே நிரலின் ஒரே ஒரு பிட் மாறியிருந்தால் குற்றம் நினைவகச் சில்லினுடையது. வன்பொருளால் ஒருமுறை விழுந்த கணினி மறுமுறை விழும் வாய்ப்பு நூறு மடங்கு வரை கூடுவதையும் அவர்கள் கண்டார்கள்.

குவியல் சொல்லாததையும் வாசிக்கவேண்டும். அறிக்கை அனுப்ப, விழுந்த பிறகும் கணினி ஓரளவு உயிரோடு இருந்தாக வேண்டும். ஆகவே வெறும் எச்சரிக்கைகள் குவியலில் பெருகித் தெரியும். திரை உறைந்து நின்றுபோன மிக மோசமான விழுகைகள் பல வந்தே சேராது. சென்ற வாரத்தைவிட ஒரு பிழை இரட்டித்தது என்றால், பிழை வளர்ந்ததா, புதிய வெளியீட்டை நிறுவியவர்கள் பெருகினார்களா? என்றோ திருத்திய பிழையும் பழைய பதிப்புகள் ஓடும்வரை வந்துகொண்டிருக்கும். வந்த எண்ணிக்கை எத்தனை பேரிலிருந்து வந்தது என்று தெரியாதவரை, அந்த எண்ணுக்கு முன்னால் வாசகரே மனத்துக்குள் ஒரு கேள்விக்குறியைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியில் திருத்தம் பெரும்பாலும் இரண்டு மூன்று வரி: ஒரு பூட்டு, ஒரு சோதனை, வரிசை மாற்றிய ஓர் அழைப்பு. அதோடு இணையும் குறிப்பில் ஊப்ஸ் சுருக்கப்பட்ட வடிவில் இடம்பெறுகிறது. அப்படியே கொட்டாதீர்கள், நேர முத்திரைகளையும் ரெஜிஸ்டர் வரிசைகளையும் நீக்கி, வாதத்துக்குத் தேவையான தடத்தை மட்டும் வையுங்கள் என்று கர்னலின் வழிகாட்டி ஆவணமே சொல்கிறது. எதை விடுவது என்று தெரிவதற்கு அத்தனையையும் வாசித்திருக்க வேண்டும். அறிக்கை தன் உறுதியையும் ஐயத்தையும் பிரித்துத் தந்ததால்தான் திருத்துபவரால் அப்படித் தேர்ந்தெடுக்க முடிகிறது. மனிதர் எழுதும் விபத்து அறிக்கைகள் பலவற்றில் இந்தப் பிரிப்பு கிடைப்பதில்லை.